ஒரே தடம், பல செய்திகள்: எது முதலில்?

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழை நாளொன்றில் எட்டாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மை நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பகுதிகளிலிருந்து வருபவர்கள். "புயல் வருவது நமக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன். தொலைக்காட்சி, கைப்பேசி, வாட்ஸ்அப் என்று பதில்கள் வந்தன. அப்போது ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், எங்க அப்பா காசிமேட்டு போட்டுல தங்கலுக்குப் போயிருக்காரு. கொஞ்ச தூரம் போனா போன் எடுக்காது. அவருக்கு யாரு மிஸ் சொல்லுவா?"

நான் வாய் திறப்பதற்குள் பின் வரிசைப் பையன் ஒருவன் முந்திக்கொண்டான். "நேவிகிட்ட சேட்டிலைட் இருக்கு. அவங்க சொல்லுவாங்க."

அவள் விடவில்லை. "நேவி சேட்டிலைட்டுல எங்க அப்பாவுக்குச் செய்தி வருமா மிஸ்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்குப் பத்து நாள்கள் ஆயின. தேடிப் படித்ததையும், அதைப் பாடமாக்கியபோது நேர்ந்ததையும் இங்கே பகிர்கிறேன். அறிவியல், கணிதம், சமூக அறிவியல், தமிழ் என நான்கு பாட ஆசிரியர்களும் இதில் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளலாம்.

காலம் கடந்தால் வீணாகும் செய்தி

முதல் வகுப்பைச் சில சீட்டுகளோடு தொடங்கினேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு செய்தி: தேர்வு முடிவு, திருமண அழைப்பு, இரத்தம் தேவை, சுனாமி எச்சரிக்கை, மாதச் சம்பள விவரம். "இந்தச் செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் தாமதமானால்? பத்து நிமிடம் தாமதமானால்?" என்று கேட்டேன். தேர்வு முடிவு ஒரு நாள் தாமதமானாலும் மதிப்பெண் மாறாது. சுனாமி எச்சரிக்கை அலை வந்தபின் வந்தால் அது எச்சரிக்கையே அல்ல. செய்தியின் சொற்கள் அப்படியேதான் இருக்கின்றன. பயன் மட்டும் போய்விடுகிறது. இத்தகைய செய்தியைக் காலக்கெடு உள்ள செய்தி என்று பெயரிட்டுக்கொண்டோம்.

அடுத்து இரண்டு வேகங்களைக் கணக்கிட்டோம். நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், புவியோடு சேர்ந்து சுற்றுகின்றன. தரையிலிருந்து மேலே சென்று மீண்டும் கீழே வர ஏறத்தாழ 71,600 கி.மீ. ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கி.மீ. வகுத்தால் 0.24 நொடி. கண் இமைக்கும் நேரம்தான்.

சுனாமி அலையின் வேகத்துக்கும் எளிய சூத்திரம் உண்டு: புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வங்கக் கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 2,600 மீட்டர். 9.8 × 2,600 = 25,480. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 160. அதாவது நொடிக்கு 160 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 575 கி.மீ. கார் நிக்கோபார் தீவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,400 கி.மீ. அப்படியானால் அலைக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வேண்டும்.

கரும்பலகையில் 0.24 நொடியையும் இரண்டரை மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். "செய்தி இவ்வளவு முன்னால் ஓடுகிறதே, பிறகு ஏன் மிஸ் அன்னிக்கு யாருக்கும் தெரியல?" என்று கேட்டான் சீனிவாசபுரத்து மாணவன். அவன் பிறப்பதற்கு முன் நடந்தது அது. ஆனால் அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அந்த நாள் இருக்கிறது.

2004 டிசம்பர் 26: நேரம் எங்கே போனது?

அன்று காலை இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. பிளவு அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை ஓடியது. கார் நிக்கோபாரில் நம் விமானப்படைத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே கடல் ஏறிவந்தபோது படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடர்பு அறுந்துபோகும் முன், தீவே நீரில் மூழ்குகிறது என்ற பொருள்பட ஒரு செய்தி இராணுவத் தொடர்பின் வழியே சென்னையிலிருந்த விமானப்படைப் பிரிவுக்கு வந்தது. அப்போதைய விமானப்படைத் தளபதியே இதைப் பின்னர் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். சென்னைக் கடற்கரையை அலை அடைந்தது ஏறத்தாழ 9 மணிக்கு.

ஆக, செய்தி சென்னைக்கு அலைக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் பட்டினப்பாக்கத்துக்கு வரவில்லை. இதில் எந்த ஒருவரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடர்பு படைத்தளங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக அமைக்கப்பட்டது. அதில் வரும் செய்தியைக் கடற்கரைக் குப்பத்துக்கு யார், எந்த வழியில், எத்தனை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அன்று நாட்டில் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. 2007-இல்தான் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் அது தொடங்கப்பட்டது.

நம் பாடத்தின் முதல் கருத்து இங்கே கிடைக்கிறது. செய்தி வேகமாகப் பயணிப்பது ஒன்று. உரியவர் கைக்குச் சேர்வது வேறொன்று. முன்னது இயற்பியல். பின்னது மனிதர்கள் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடு.

தடத்தை ஏன் பகிர வேண்டும்?

"அப்படின்னா மீனவங்களுக்குன்னு தனியா ஒரு சேட்டிலைட் விட்டுடலாமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. தியாகராய நகரை எடுத்துக்கொண்டு விடை தேடினோம். தெற்கு உஸ்மான் சாலையில் தீபாவளி நேரத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆம்புலன்ஸுக்கென்று தனியாக ஒரு சாலை போட்டால் அது நாளில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். அதைவிட, இருக்கும் சாலையிலேயே எல்லாரும் போகலாம். ஒலி கேட்டதும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒலியை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். வழிவிடுவது பழக்கமாகியிருக்க வேண்டும். காய்கறி ஏற்றிய வண்டி அந்த ஒலியை எழுப்பக்கூடாது.

செயற்கைக்கோளில் அலைவரிசை என்பதும் அகலம் குறைந்த சாலைதான். இராணுவத்தின் தடங்கள் போர்க்காலத்தில் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் அவற்றில் இடம் இருக்கும். இந்த இடத்தைப் பகிர மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அலைவரிசையைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது. இரண்டாவது, ஒரே அலைவரிசையில் நேரத்தைத் துண்டாக்கி முறை வைத்துக் கொடுப்பது. மூன்றாவது, யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல், கேட்பவருக்குக் கேட்கும்போது கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. மூன்றாவது முறையில்தான் ஒரு தடம் மிகப் பலருக்குப் பயன்படும். அமெரிக்கப் படைகள் தம் செயற்கைக்கோள் தடங்களில் நெருக்கடி மிகுந்தபோது இந்த முறைக்குத்தான் சென்றன.

பகிர்ந்தால் வரிசை வேண்டும். படைகளின் செய்தித் தொடர்பில் ஃபிளாஷ், இம்மீடியட், பிரயாரிட்டி, ரொட்டீன் என நான்கு முன்னுரிமைப் படிகள் உண்டு. மேற்படிச் செய்தி வந்தால் கீழ்ப்படிச் செய்தி காத்திருக்கும். இதைக் கேட்டுப் பிள்ளைகள் வியந்தார்கள். ஆனால் நம் ஊர் அஞ்சலகத்திலும் சாதாரணத் தந்தி, அவசரத் தந்தி என்ற பிரிவு இருந்தது. மயிலாப்பூர் அஞ்சலகத்தில் கூடுதல் கட்டணம் கட்டி அவசரத் தந்தி அடித்த கதையை என் தந்தையார் சொல்வார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. அதற்கு அடிப்படையாயிருந்த கருத்து நிற்கவில்லை.

விதியில்லாமல் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கடற்படையின் பழைய செயற்கைக்கோள்கள், தமக்கு வரும் அலையை யார் அனுப்பினார்கள் என்று பாராமல் அப்படியே கீழே திருப்பி அனுப்பும் அமைப்புடையவை. இதைக் கண்டுகொண்ட பிரேசில் நாட்டு லாரி ஓட்டுநர்களும், காட்டுக்குள் மரம் வெட்டுபவர்களும் சாதாரண வானொலிக் கருவியை மாற்றியமைத்து அந்தத் தடத்தில் அரட்டையடித்தார்கள். 2009-இல் அந்நாட்டுக் காவல்துறை இதற்காகப் பலரைப் பிடித்தது. பகிர்வு என்பது கதவைத் திறந்துபோட்டுவிடுவது அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி ஒரே நொடியில் விளக்கிவிடும்.

படைக்கு அமைத்தது, பொதுமக்களுக்கும் வந்தது

கைப்பேசியில் வழி பார்க்கும் ஜிபிஎஸ் அமைப்பு அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய நாட்டுப் பயணிகள் விமானமொன்று பாதை தவறி அன்றைய சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தனர். அதன் பிறகே, இந்த அமைப்பு முழுமையடைந்ததும் உலகின் குடிமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அறிவித்தார். அப்படியும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டது. 2000 மே மாதத்தில் அந்தப் பிழையை நிறுத்திய பிறகுதான் துல்லியம் கூடியது.

நம் நாட்டின் நாவிக் அமைப்பிலும் ஒரே செயற்கைக்கோள்கள் இரண்டு சேவைகளைத் தருகின்றன: அனைவருக்குமான திறந்த சேவை ஒன்று, அனுமதி பெற்றவர்க்கு மட்டுமான மறையாக்கப்பட்ட சேவை மற்றொன்று. "பகிர்ந்தால் இராணுவ ரகசியம் போய்விடாதா?" என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. ஒரே தபால் பையில் திறந்த அஞ்சலட்டையும் முத்திரையிட்ட உறையும் சேர்ந்தே பயணிப்பதில்லையா?

இந்தியாவுக்குப் பகிர்வு புதிதல்ல. 1983-இல் விண்ணுக்குச் சென்ற இன்சாட்-1பி தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி, வானிலை ஆகிய நான்கு வேலைகளையும் ஒன்றாகச் செய்தது. நான்கு வேலைக்கு நான்கு செயற்கைக்கோள் விட நம்மிடம் அன்று பணமில்லை. அந்த இன்சாட் வழியாகத்தான் 1980-களில் தமிழ்நாடு, ஆந்திரக் கடலோரங்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கருவிகள் வந்தன. நுங்கம்பாக்கம் வானிலை மையம் எந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கையோ அந்த மாவட்டக் கருவிகளை மட்டும் ஒலிக்கச் செய்ய முடிந்தது.

இன்று கடற்படைக்கென்று ஜிசாட்-7, விமானப்படைக்கென்று ஜிசாட்-7ஏ எனத் தனிச் செயற்கைக்கோள்கள் முறையே 2013, 2018 ஆண்டுகளில் ஏவப்பட்டன. ஆனால் என் மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை இவற்றில் இல்லை. 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-6-இல் இருக்கிறது. அதில் விண்ணில் குடைபோல் விரியும் 6 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி ஒன்று உண்டு. மேலேயிருக்கும் அலைவாங்கி பெரிதானால் கீழேயிருக்கும் கருவி சிறிதாகலாம். கையில் தூக்கிச் செல்லும் சிறு கருவியிலிருந்தே பேசலாம் என்பதால், பாதுகாப்புத் துறை சார்ந்த பயனாளர்களுக்கென்றே இது முதன்மையாகப் பேசப்பட்டது. அதே செயற்கைக்கோளின் வழியாகத்தான் மீன்பிடிப் படகுகளுக்கான இருவழித் தொடர்புக் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. கரையிலிருந்து வானிலை எச்சரிக்கை படகுக்குப் போகும். படகிலிருந்து ஆபத்துச் செய்தி கரைக்கு வரும். பதின்மூன்று கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஒரு லட்சம் படகுகளுக்கு இத்தகைய கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

இந்தத் திட்டங்களுக்குப் பின்னால் 2017 நவம்பர் இறுதியின் ஒக்கிப் புயல் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தங்குகடல் மீனவர்கள் புயல் உருவாகும் முன்பே நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவுக்குச் சென்றிருந்தனர். கைப்பேசி கோபுரத்தின் வீச்சு கரையையொட்டிச் சில கடல் மைல்களோடு முடிந்துவிடும். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கேட்க வேண்டியவர்கள் கடலில் இருந்தார்கள்.

212 பிட்டில் எத்தனை எழுத்து?

மற்றொரு பகிர்வு ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து, விமானங்கள் ஜிபிஎஸ் பிழையைத் திருத்திக்கொண்டு பாதுகாப்பாக இறங்குவதற்காக அமைத்தது. அந்தத் தடத்தின் வழியே மீனவர்க்கு எச்சரிக்கை தரும் ஜெமினி என்ற கருவியை இன்காய்ஸ் 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. கருவி செயற்கைக்கோள் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குத் தரும்.

இதில் அருமையான கணக்கு ஒன்று இருக்கிறது. ககன் வகை அமைப்புகளின் தடத்தில் நொடிக்கு ஒரு செய்தி. ஒரு செய்திக்கு 250 பிட். அதில் தொடக்க அடையாளத்துக்கு 8, செய்தி வகைக்கு 6, பிழை கண்டறிய 24 பிட் போக மிஞ்சுவது 212. விமானப் பாதுகாப்புச் செய்திகளே அதன் முதல் கடமை. மற்றவை அவற்றுக்கு இடையூறில்லாமல் போக வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருவோம். வழக்கமான யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 24 பிட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்யின் உருவும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். புள்ளியும் ஒரு குறி. "புயல்" என்பதை எழுத ப, உகரக் குறி, ய, ல, புள்ளி என ஐந்து குறிகள்: 120 பிட். "கரை திரும்புங்கள்" என்பதற்குப் பதினாறு குறிகளும் ஓர் இடைவெளியும். 16 × 24 = 384; இடைவெளிக்கு 8; மொத்தம் 392 பிட். ஒரு நொடிச் செய்தியில் அது அடங்காது.

"அப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தேன். இரண்டு நிமிடத்தில் விடை வந்தது. "வாக்கியத்தை அனுப்ப வேணாம் மிஸ். நம்பர் அனுப்பலாம். 1-ன்னா புயல், 2-ன்னா சுனாமி. போன்ல தமிழ்ல காட்டட்டும்." எட்டு பிட் இருந்தால் 256 வெவ்வேறு செய்திகளுக்கு எண் கொடுக்கலாம். 392 பிட் கேட்ட வாக்கியம் 8 பிட்டில் முடிந்துவிடுகிறது. மீதி இடத்தில் இடம், நேரம், காற்றின் வேகம் ஆகியவற்றை வைக்கலாம். பகிரப்படும் தடத்தில் ஒழுக்கத்தின் முதல் விதி இது: தேவைக்கு மேல் இடம் எடுத்துக்கொள்ளாதே. தமிழாசிரியர்கள் இதையே சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்ற பாடத்துக்குப் பயன்படுத்தலாம். பிள்ளைகள் எழுதிய 15 குறியீட்டு வாக்கியங்கள் இன்னும் எங்கள் வகுப்புச் சுவரில் தொங்குகின்றன.

கடைசி ஒரு கிலோமீட்டர்

தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நடத்தத் தொடங்கியது. அவற்றில் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணிக்கும் அலை உயர முன்னறிவிப்பு இணையத்தில் பொதுவில் கிடைத்தது. அதை நாள்தோறும் எடுத்துத் தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உலகின் பெரிய கடற்படை ஒன்றின் தகவல் ஒரு குழாய் ஒலிபெருக்கி வழியே கட்டுமரக்காரர் காதில் விழுந்தது.

2004 சுனாமி நாளில், அருகிலுள்ள நல்லவாடு என்ற ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒலித்தது; ஊர் மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அன்று விலையுயர்ந்த கருவிகள் செய்யாததை ஒரு தொலைபேசியும், ஏற்கெனவே கேட்டுப் பழகிய ஒலிபெருக்கியும் செய்தன. பழகிய என்ற சொல்லை அடிக்கோடிடச் சொன்னேன். நாள்தோறும் மீன் விலையும் அலை உயரமும் சொன்ன குரல் என்பதால்தான், ஆபத்தைச் சொன்னபோது மக்கள் நம்பினார்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

மேசையொன்று செயற்கைக்கோள். இராணுவம், வானிலை, இரயில்வே, படகு என நான்கு குழுக்கள். ஒரு மாணவர்தான் தடம். ஒரு முறைக்கு ஒரு சீட்டை மட்டும் எடுத்துச் செல்வார். ஒரு சீட்டுக்கு 10 நொடி.

முதல் சுற்றில் வந்த வரிசைப்படியே அனுப்ப வேண்டும். சுனாமிச் சீட்டை 15-ஆவதாகச் செருகுங்கள். அது சேர 150 நொடி ஆகும். இரண்டாம் சுற்றில் நான்கு குழுவுக்கும் முறை வைத்து அனுப்ப வேண்டும். குழு தன் சீட்டுகளில் சுனாமியை முன்னே வைத்தால் அதிகபட்சம் 50 நொடியில் சேரும். ஆனால் அனுப்ப ஒன்றுமில்லாத குழுவின் முறை வீணாகும். மூன்றாம் சுற்றில் கேட்பவருக்கே தடம். அவசரச் சீட்டுக்கு முன்னுரிமை. கையிலிருக்கும் சீட்டு போய்ச் சேர்ந்ததும் சுனாமிச் சீட்டு கிளம்பும். 20 நொடிக்கு மேல் ஆகாது. மூன்று சுற்றின் நேரங்களையும் பட்டை வரைபடமாக வரையச் செய்யலாம்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் சுற்றில் எது அவசரம் என்று குழுக்களே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். 20 சீட்டில் 17-இல் "மிக அவசரம்" என்று எழுதியிருந்தது. ஒன்றில் மதிய உணவு முட்டைக் கணக்கு! எல்லாம் அவசரமானால் எதுவும் அவசரமில்லை. சுனாமிச் சீட்டு மீண்டும் வரிசையில் நின்றது. வகுப்பு சிரித்தது, நான் சற்றுக் குழம்பித்தான் நின்றேன். பிறகு பிள்ளைகளையே விதி எழுதச் சொன்னேன். அவர்கள் மூன்று கேள்விகளை எழுதினார்கள். இது தாமதமானால் உயிர் போகுமா? எத்தனை நிமிடத்துக்குள் சேர வேண்டும்? இதைச் சொல்ல வேறு வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை எழுதியவள் நொச்சிக்குப்பத்து மாணவிதான். கரையில் இருப்பவருக்குத் தொலைக்காட்சி உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கைப்பேசி உண்டு. கடலில் இருப்பவருக்கு அந்த ஒரு தடம்தான் உண்டு. ஆகவே செய்தி ஒன்றே ஆனாலும் படகுக்கு முன்னுரிமை என்றாள். நான் தயாரித்த பாடக்குறிப்பில் இந்தக் கருத்து இல்லை.

வீட்டுப்பாடமாக, அவரவர் வீட்டிலோ தெருவிலோ எச்சரிக்கை எந்த வழியில் வருகிறது என்று விசாரித்து எழுதச் சொன்னேன். கடலோரப் பிள்ளைகள் படகில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்டு வர வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கைப்பேசிகள் ஓய்ந்துபோனபோது வீட்டார் எப்படிச் செய்தி அறிந்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். இரண்டு தரப்பும் தம் தாள்களை மாற்றிக்கொண்டு படித்த நாள்தான் இந்தப் பாடத்தின் சிறந்த நாள்.

அந்த மாணவியின் தந்தை சில நாள்களில் நலமாகக் கரை திரும்பினார். அவளும் கேட்டு வந்தாள். "கருவி இருக்கு மிஸ். ஆனா அதை எப்படி அமுக்கறதுன்னு டிரைவர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியுமாம். அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

அடுத்த வாரமே அவள் தன் தந்தையை அந்த ஓட்டுநரிடம் உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளச் செய்தாள். ஆபத்துப் பொத்தான் எது, செய்தி வந்தால் விளக்கு எப்படி எரியும் என்று படம் வரைந்து, பெரிய எழுத்தில் எழுதி, மழை படாமல் பிளாஸ்டிக் உறையிலிட்டு அனுப்பினாள். இப்போது அது படகின் உட்பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதாம்.

கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் இந்தச் செயல்பாட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே செய்து பாருங்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாள் மழை தொடங்குமுன் படகுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு.